கணையத்தின் விறைப்பும் நோயறிதலும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. சி.டி. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு தடிப்பு தெரிந்தது. எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்ட் செய்து திசுவின் விறைப்பை அளக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அதன்பின் ஊசி மூலம் திசு எடுக்கத் தேவையிருக்காதா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கவலை புரிகிறது, அம்மா. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கையால் அழுத்தி அறிய இயலாது. ஆகவே, இரைப்பைக்குள்ளும் முன்சிறுகுடலுக்குள்ளும் செலுத்தப்படும் குழாயின் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்ட் கருவி, மிக அருகிலிருந்து அதைப் பார்க்கிறது. பக்கத்திலுள்ள பெருந்தமனியின் துடிப்பு கணையத்தை மெல்ல அழுத்தும்போது, மென்மையான திசு நெகிழ்ந்து கொடுக்கிறது, விறைத்த திசு கொடுப்பதில்லை. அந்த வேறுபாட்டையே திரை வண்ணமாகக் காட்டுகிறது. பெரும்பாலான கருவிகளில் சிவப்பு மென்மையையும் பச்சை இடைநிலையையும் நீலம் விறைப்பையும் குறிக்கும். எலாஸ்டோகிராபி எனப்படும் இம்முறைக்கு 1991-இல் வெளியான ஆய்வொன்று அடித்தளமிட்டது. கல்லீரலில் இது பரவலாகிவிட்டது.

கணையத்தில் முடிவை ஒருபக்கமாகவே நம்பலாம். சிறிய தடிப்பொன்று மென்மையாக இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் விறைப்பாக இருப்பதாலேயே அது புற்றுநோய் ஆகிவிடாது. நாட்பட்ட கணைய அழற்சியில் படியும் நார்த்திசுவும் அதேபோல நீலமாகவே தெரியும். தென்னிந்தியாவில் கணையக் கற்களோடு கூடிய அத்தகைய அழற்சி அதிகம் காணப்படுவதால், இந்தக் குழப்பம் நம் மருத்துவர்களுக்கு அன்றாடமானது. ஆகவே திசுப் பரிசோதனையைத் தவிர்க்க எண்ண வேண்டாம். ஊசியை எங்கே செலுத்துவது என்று முடிவுசெய்ய விறைப்பளவு உதவும். திசு முடிவு தெளிவில்லாதபோது, மறுமுறை எடுக்க வேண்டுமா என்பதையும் அது உணர்த்தும்.