பஸ் பாஸா, பழைய காரா?

கேள்வி: வேலைக்காக வெளிநாடு வந்து சில மாதங்கள் ஆகின்றன. நடையும் பஸ்ஸுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாதப் பாஸ் எடுத்தால் மிச்சமாகுமா? கடனிலாவது ஒரு பழைய கார் வாங்கிவிடு என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டும்.

பதில்: காரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விலை கட்டுப்படியானாலும் காப்பீடு வருடாவருடம் வரும். அந்த நாட்டில் வண்டி ஓட்டிய வரலாறு இல்லாதவரிடம் பிரீமியமும் பெரும்பாலும் கூடுதலாகவே கேட்பார்கள். பார்க்கிங், பழுது, தவணை என்று எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பும் பணத்தில்தான் கை வைக்கும்.

சரி, பாஸ். அதன் விலையை ஒரு தடவைக்கான டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணிக்கைக்கு மேல் பஸ் ஏறினால்தான் லாபம். வேலை நாட்களை இரண்டால் பெருக்கிவிட்டு, விடுப்பையும் நடந்தே வீடு திரும்பிய மாலைகளையும் கழிக்க மறப்பவர்கள் நிறைய. இரண்டு வாரம் போனில் குறித்து வைத்தால் உண்மை தெரிந்துவிடும். (லக்சம்பர்க்கில் இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அங்கே 2020 முதல் பஸ்ஸும் டிராமும் இலவசம்.)

சில ஊர்களில் பாஸ் தேவையே படாது. லண்டனில் வங்கி அட்டையைத் தட்டி ஏறினால், ஒரு நாளைக்கும் ஒரு வாரத்துக்கும் இவ்வளவுக்கு மேல் பிடிக்கமாட்டார்கள். ஆனால் காலையில் அட்டையையும், மாலையில் அதே அட்டை ஏற்றிய போனையும் தட்டினால் இரண்டு பேர் போனதாகக் கணக்காகிவிடும். வரம்பின் பலன் கிடைக்காது. இன்னொன்று, சொந்த நாட்டு வங்கி அட்டையைத் தட்டினால் பல வங்கிகள் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். உள்ளூர்க் கணக்கின் அட்டையையே பயன்படுத்துங்கள்.

பாஸ் எடுக்கும் முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பிரான்சில் ஊழியரின் பயணச் சந்தாவில் பாதியை நிறுவனம் தர வேண்டும் என்பது சட்டம். ஜப்பானில் பல நிறுவனங்கள் போக்குவரத்துப் படி தருகின்றன. கேட்காததாலேயே இதை விடுகிறவர்கள் உண்டு. தானாகப் புதுப்பிக்கும் பாஸ் என்றால், நிறுத்தக் கடைசித் தேதி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி முழுக்க உள்ளூர்ப் போக்குவரத்துக்குச் செல்லும் மாதப் பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட்டை 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும். வருடப் பாஸ் மலிவுதான். வேலை ஒப்பந்தம் அதுவரை ஓடும் என்றால் மட்டும் எடுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தொகை வாடகையில் இருக்கிறது. அடுத்த வீடு பார்க்கும்போது வாடகையையும் பயணச் செலவையும் ஒன்றாகக் கூட்டியே ஒப்பிடுங்கள். தள்ளிப் போனால் வாடகை குறையும். ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நேரத்துக்கு ஒன்று, நிறுத்தத்திலிருந்து வீடு வரை ராத்திரியில் நடக்க முடியுமா என்று பாருங்கள். வாரம் இரண்டு தடவை டாக்சி பிடிக்க வேண்டி வந்தால் அந்த வாடகைக் குறைப்பு அதிலேயே போய்விடும். முன்பணம் கொடுக்கும் முன், வேலை முடிகிற நேரத்தில் அங்கே ஒருமுறை பஸ்ஸில் போய் இறங்கி, நடந்து பார்த்துவிடுங்கள்.