பதில்: ஜெயிக்கும் ஆட்டத்தில் குதிரை போகிறது
வணக்கம் தம்பி. சதுரங்கத்தில் நல்ல நிலையில் இருந்தும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு குதிரையைக் கோட்டை விடுவதாக எழுதியிருந்தீர்கள். புதிய தொடக்க ஆட்டங்களை மனப்பாடம் செய்வது இப்போது வேண்டாம். எதிராளி நகர்த்தியதும் "இது எதற்கு?" என்று கேளுங்கள்.

நீங்கள் வெள்ளையாக ஆடும்போது, இத்தாலிய ஆட்டம் என்ற தொடக்கத்தில் மூன்றாவது நகர்த்தலிலேயே கறுப்புக் குதிரை டி4 கட்டத்துக்கு வந்தால், இ5 கட்டத்தில் உள்ள கறுப்புச் சிப்பாய் இலவசம் போலத் தெரியும். அதை உங்கள் குதிரையால் எடுத்தீர்களோ, கறுப்பு ராணி ஜி5-க்கு வந்து அந்தக் குதிரையையும் உங்கள் ஜி2 சிப்பாயையும் சேர்த்து மிரட்டும். ஜார்ஜ்டவுன் கோப்பிக் கடையில் நானே இரண்டு முறை மாட்டியிருக்கிறேன், அதுவும் ஒரே ஆளிடம்!

அப்புறம், யோசிக்கும்போது கை தொடைக்கு அடியில் இருக்கட்டும். நகர்த்தலை முதலில் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு நகர்த்தும் பழைய வழக்கத்தை இப்போது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அனுமதிப்பதில்லை. தோற்ற ஆட்டம் ஒன்றை இங்கே போடுங்கள், குதிரை போன இடத்தைச் சேர்ந்து பார்ப்போம்.