ஏழு பாகமும் முடிந்தது, இனி எது?

மாயக்கதை, அறிவியல் புனைகதை பற்றி சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்

ஹாரி பாட்டர் ஏழு பாகத்தையும் முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. தோழிகள் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ படி என்கிறார்கள். படிக்கலாமா? – படிவம் நான்கு மாணவி

இப்போது வேண்டாம், தங்கச்சி. அந்த நாவல் தொடரின் முதல் பாகம் 1996இல் வந்தது, ஐந்தாவது 2011இல். ஆறாவது இன்னும் வரவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படித்த பிறகு கதை நடுவழியில் நிற்கும். வன்முறையும் பாலியல் காட்சிகளும் அதில் நிறைய, அது பெரியவர்களுக்காக எழுதப்பட்டது. ‘த வீல் ஆஃப் டைம்’ படி என்றும் யாராவது சொல்வார்கள். அது முடிந்த தொடர்தான், ஆனால் 14 பாகம். எஸ்.பி.எம். தேர்வு அடுத்த ஆண்டு. அதுவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹாரி பாட்டரில் நீங்கள் இரண்டாம் முறை புரட்டிப் பார்த்த பக்கங்கள் எவை? உங்கள் அடுத்த புத்தகம் அங்கேதான் இருக்கிறது.

மந்திரம் கற்றுக்கொள்ளும் பக்கங்கள் என்றால் அர்சுலா லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968). சிறிய புத்தகம்தான், வாரக் கடைசியில் முடித்துவிடலாம். அதில் ஒரு பொருளின் மெய்ப்பெயர் தெரிந்தவனுக்குத்தான் அதன்மேல் அதிகாரம். நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்தக் காலத்து ஆங்கில மாயக்கதையில் அப்படி ஒரு நாயகனைப் பார்ப்பது அரிது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இரண்டாம் பாகமான ‘த டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்’ நூலில் கெட் பல அத்தியாயங்களுக்கு வரவே மாட்டான். தவறான புத்தகத்தை எடுத்துவிட்டோமோ என்று பலர் அங்கேதான் கீழே வைக்கிறார்கள். வைக்காதீர்கள். தொடரிலேயே எங்களுக்கு மிகப் பிடித்தது அந்தப் பாகம்தான்.

மந்திரச் சண்டைகள்தான் பிடித்தது என்றால் பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’. முதல் மூன்று பாகங்கள் 2006 முதல் 2008க்குள் வந்து, அந்தக் கதை முழுமையாக முடிந்துவிடுகிறது. உலோகத்தை விழுங்கி, உடலுக்குள் அதை ‘எரித்து’ச் சக்தி பெறுகிறார்கள். இரும்பு மற்ற உலோகங்களை இழுக்கும், எஃகு தள்ளும். நம் கிந்தா பள்ளத்தாக்கு லம்பங்களில், அதாவது சுரங்கங்களில், தோண்டினார்களே, அந்த வெள்ளீயம் அங்கே ஐம்புலன்களையும் கூர்மையாக்கும். இதற்கெல்லாம் கறாரான விதிகள் உண்டு. காசைத் தள்ளினால் காசு பறக்கும். காசு தரையில் ஊன்றிக்கொண்டால் தள்ளியவர் மேலே பறப்பார். நியூட்டனின் மூன்றாம் விதி தெரிந்தவர்களுக்கு அந்தச் சண்டைகள் இரட்டை விருந்து.

பேய், ஆவி, மர்மம் என்றால் ஈப்போ வரை வந்தால் போதும். யாங்ஸி சூவின் ‘த நைட் டைகர்’ (2019) 1931ஆம் ஆண்டு ஈப்போவிலும் பத்து காஜாவிலும் நடக்கிறது. மனிதன் புலியாக மாறுவது பற்றி இங்கே பாட்டிமார் சொல்லும் கதைதான் அதன் அச்சாணி. கொலைகள் உண்டு, மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். தெரியாத சொற்கள் ஐந்துக்கு மேல் இருந்தால் அந்த ஆங்கிலம் இப்போதைக்குக் கடினம். ஆசிரியர் இட்டுக்கட்டிய ஊர்ப்பெயர்களையும் உயிரினப் பெயர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை எல்லாருக்குமே புதுசு.

செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. இடைவேளையில் இருபது நிமிடம் கிடைக்கும். பெரிய நாவலை மூன்று நாள் கழித்துத் திறந்தால் யார் யாரென்றே மறந்துபோகிறது. தமிழில் நல்ல அறிவியல் கதை சொல்லுங்கள். – தோட்டத் தொழிலாளர்

மறதி உங்கள் குறை இல்லை, ஐயா. கனத்த நாவல்கள் ஒரே மூச்சில் மணிக்கணக்காகப் படிப்பவரை நினைத்து எழுதப்படுகின்றன. உங்களுக்கு வேண்டியது வார இதழில் தொடராக வந்த கதை. ஏழு நாள் இடைவெளியில் வாசகர் மறந்துவிடுவார் என்று தெரிந்தே எழுதியது அது. அத்தியாயம் சின்னதாக இருக்கும், ஆளை அடிக்கடி நினைவூட்டும், அடுத்ததைத் தேட வைத்து முடியும்.

அதனால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் தொடங்குங்கள். ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்காகவே படிக்கலாம். ‘மீண்டும் ஜீனோ’ அதன் இரண்டாம் பாகம். கடையில் அது மட்டும் கிடைக்கிறதே என்று முதலில் வாங்கிவிடாதீர்கள், முதல் கதையின் முடிச்சுகளெல்லாம் அவிழ்ந்துபோகும்.

அடுத்து ஜெயமோகனின் ‘விசும்பு’. அறிவியல் சிறுகதைகளின் தொகுப்பு. நம் மரபிலிருந்தே அறிவியல் கேள்விகளை எழுப்புகிறது. கதைகள் சுஜாதாவைவிட அடர்த்தியானவை, ஒரு கதைக்கு இரண்டு மூன்று இடைவேளை ஒதுக்குங்கள்.

இருபது நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு பக்கம் ஓடும். உரையாடலின் நடுவில் நிறுத்தாமல் காட்சி முடியும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு துண்டுத் தாளை அடையாளமாக வைத்து, புதிய பெயர் வரும்போதெல்லாம் பெயரும் மூன்று சொல் குறிப்பும் எழுதுங்கள். தாள் நிரம்புவதற்குள் பெயர்கள் மனத்தில் பதிந்துவிடும்.

அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ அறிவியல் நாவல் வரிசையை கதை நடக்கும் காலப்படி படிப்பதா, வெளிவந்த வரிசையிலா? – கல்லூரி மாணவர்

வெளிவந்த வரிசையில். 1951, 1952, 1953இல் வந்த மூன்றும் முதலில். அவை பிடித்தால் 1982, 1986 நூல்கள். முன்கதைகள் 1988இலும் 1993இலும் வந்தவை. அவற்றில் தொடங்கினால் 1986 நூலின் இறுதியில் காத்துவைத்த ரகசியம் உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்ததாக ஆர்தர் கிளார்க்கின் ‘த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பேரடைஸ்’ (1979) எடுங்கள். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டும் கதை. அத்தகைய கோபுரம் பூமத்திய ரேகையில்தான் நிற்க முடியும். ஏனென்றால் அதைத் தாங்கும் துணைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தின் மேல் நிற்க வேண்டும். அதற்காகவே கிளார்க் தாம் வாழ்ந்த இலங்கையைக் கதையில் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். தொடக்கத்தில் பழங்கால மன்னனும் வருங்காலப் பொறியாளரும் மாறி மாறி வருவார்கள். குழம்பாமல் தொடருங்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகனுக்குத் தமிழில் என்ன வாங்கலாம்? வரிக்கழிவு உண்டா? – தாயார்

ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ வாங்குங்கள், அம்மா. சிறுவர்களுக்காக எழுதியது. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் கதை. முதல் சில அத்தியாயங்களை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டி, பரபரப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அவன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட் வரை உண்டு. பிள்ளைக்கு வாங்கும் புத்தகமும் அதில் அடங்கும், ஆனால் கைப்பேசியும் இணையக் கட்டணமும் அதே 2,500க்குள்தான். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடை இயந்திரம் தரும் வழுவழுப்பான ரசீதில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.