துடுப்பு செதுக்க எந்த டூல் வாங்கலாம்?

கேள்வி: டொரண்டோல இருக்கேன். இந்த குளிர்காலத்துல கிரீன்லாந்து துடுப்பு (கயாக்ங்கற ஒல்லிப் படகுக்கு, ரெண்டு முனையிலயும் ஒடுக்கமா நீளமா அலகு இருக்கற துடுப்பு) ஒண்ணு செஞ்சு பாத்துட்டு, கை பழகினா சீடார் மரத்துல அறுத்த மெல்லிசு பட்டைங்களை ஒட்டி கயாக்கே கட்டலாம்னு ஆசை. கடைல டிராநைஃப் (ரெண்டு கைலயும் பிடிச்சு இழுக்கற கத்தி), ஸ்போக்ஷேவ் (ரெண்டு பக்கமும் பிடி வச்ச சின்ன இழைப்புளி), பிளாக் பிளேன் (ஒரு கைல அடங்கற இழைப்புளி), ராஸ்ப் (மர அரம்)னு ஏகப்பட்டது இருக்கு, எதை வாங்கறது? வீட்ல ஆர்பிட்டல் சாண்டர், அதான் உப்புத்தாள் மாட்டி தேய்க்கற மெஷின், ஏற்கனவே இருக்கு, அதுவே போதாதா?

பதில்: போதாதுங்க. வெஸ்டர்ன் ரெட் சீடார்ல ஒரு வரி மெத்துனு இருக்கும், அடுத்த வரி கெட்டி. சாண்டர் மெத்துனு இருக்கறத மட்டும் தின்னுட்டு கெட்டிய விட்டுடும், கையால தடவினா வரிவரியா தட்டும். அதைவிட முக்கியம் தூசி, அந்த மரத்துல இருக்கற பிளிகேடிக் ஆசிட் சிலருக்கு ஆஸ்துமாவையே இழுத்துட்டு வரும், குளிருக்கு கதவ மூடிட்டு கராஜ்ல தேய்ச்சீங்கன்னா அத்தனையும் உங்க மூக்குக்குள்ளதான். இழைப்புளில வர்றது சுருள் சுருளா சீவல், பெருக்கி அள்ளிடலாம்.

வாங்க வேண்டியது ரெண்டே ரெண்டு: லோ ஆங்கிள் பிளாக் பிளேன், தட்டை அடி ஸ்போக்ஷேவ். பிளாக் பிளேன்ல பிளேடு 12 டிகிரி சாய்வுல உக்காரும், முனைய 25 டிகிரில தீட்டினா மொத்தம் 37, துடுப்போட நுனில நார் குறுக்க வெட்டுப்படற இடத்துல கூட மரம் பிய்யாது. அலகுல நடுக்கோடும் ஓரக்கோடும் போட்டுட்டு, நடுவுல இருந்து ஓரத்துக்கு இறங்கற நாலு சரிவையும் இதாலயே எடுத்துடலாம். கைப்பிடிய எட்டுப்பட்டையாக்கி உருட்டறதுக்கும், அது அலகுல சேர்ற தோள் பக்கத்துக்கும் ஸ்போக்ஷேவ். எப்பவும் சரிவு இறங்கற பக்கமாவே தள்ளுங்க, அதாவது அலகோட அகலமான முகத்துல கைப்பிடில இருந்து நுனிய பாத்து, ஓரத்துல அதுக்கு நேர் எதிரா அலகுல இருந்து கைப்பிடிய பாத்து. இத மாத்தி செஞ்சா நார் கிளம்பி பெயர்ந்துடும்.

டிராநைஃப் வேகமா வேலை பாக்கும், ஆனா அது நார் போற வழிலதான் போகும், நார் கோணலா ஓடினா உங்க கோட்டையும் தாண்டி உள்ள பிளந்துடும். முதல் துடுப்புக்கு வேணாம்னுதான் சொல்வேன். ராஸ்ப் வேணும்னா ஹாக்ஸா பிளேடுங்கள பின்னி செஞ்ச ஷிண்டோ ராஸ்ப் பாருங்க, ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் நைஸ், தூள் அடைச்சுக்காது.

கயாக்குக்கு வர்றப்போ பட்டையே கால் இஞ்ச்தான், அதனால வெளிப்பக்கம் பிளாக் பிளேன்ல மெல்லிசா, பாத்து பாத்து சீவணும். அதுக்கு முன்னாடி பட்டைங்களை ஒட்டினதுல காஞ்ச பசைய ஸ்கிரேப்பரால (சுரண்டற தகடு) சுரண்டிடுங்க, இல்லன்னா பிளேடு முனை போயிடும். உள்பக்கம் குழிவா இருக்கும், தட்டை அடி அங்க படியவே படியாது, வளைஞ்ச முனை ஸ்கிரேப்பர்தான் சரி.

மிச்ச காசுல இன்னொரு டூல் வாங்காம 1000 கிரிட் சாணைக்கல்லும் தீட்டின முனைய இழுக்க ஒரு தோல் துண்டும் வாங்குங்க. கடைல இருந்து வர்ற பிளேடு பெரும்பாலும் அப்படியே வேலைக்காகாது, தீட்டிட்டு வேண்டாத சீடார் துண்டுல ஓட்டி பாருங்க, வெட்டின இடம் பளபளன்னு வந்தா துடுப்புல கை வைக்கலாம், மங்கலா பொசுபொசுன்னு வந்தா திரும்ப கல்லுக்கு போங்க.