தங்கச்சியோட பிளாக் போதுமா, 45,000 ரூபா வெப்சைட் வேணுமா?

கேள்வி: அண்ணே வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல எங்கப்பா முந்திரி கடை வச்சிருக்காரு. பண்ருட்டி பக்கம் உடைக்கிற எடத்துலேந்தே நேரா வாங்கி பாக்கெட் போட்டு விக்கிறோம். வெப்சைட் வேணும்னு பாண்டியில ஒரு எடத்துல கேட்டோம், "சிஎம்எஸ் வச்சு பண்ணித் தரோம், வெலய நீங்களே மாத்திக்கலாம்"னு சொல்லி 45,000 ரூபா, ஜிஎஸ்டி தனி, வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் 12,000ன்னு கொட்டேஷன் குடுத்துட்டாங்க. என் தங்கச்சி 3 வருஷமா பிளாக்கர்ல சமையல் எழுதுறா, அவளேதான் எல்லாத்தையும் ஏத்துறா மாத்துறா. அதே மாதிரி ஒண்ணு கடைக்கு வச்சுக்கிட்டா ஆகாதா? கொட்டை வாங்குற நேரத்துல இந்த செலவு எதுக்குடான்னு அப்பா கத்துறாரு.

பதில்: அப்பா கத்துறதுல ஞாயம் இருக்கு தம்பி. ஜிஎஸ்டி 18% போட்டா 45,000 வந்து 53,100 ஆயிடும், மெயின்டனன்ஸ் 14,160 ஆயிடும், அத மொதல்ல பேப்பர்ல எழுதி வச்சுக்கோ. (பாண்டிக்காரங்க கடலூருக்கு பில் போட்டா ஐஜிஎஸ்டின்னு ஒரே வரியா வரும், நம்மூர் ஆளா இருந்தா ரெண்டு 9%ஆ பிரிஞ்சு வரும், மொத்தம் ஒண்ணுதான், அதப் பாத்து பயப்படாத.)

சிஎம்எஸ்னா பெரிய மெஷின் ஒண்ணும் இல்ல. கோடு தெரியாத ஆளு லாகின் பண்ணி எழுத்தையும் படத்தையும் மாத்துறதுக்கு ஒரு வசதி, அவ்ளோதான், அத உன் தங்கச்சி 3 வருஷமா பண்ணிக்கிட்டுதான் இருக்கா, அதுக்கு அவ அந்தப் பேர வைக்கல. பிளாக்கர் 1999லயே வந்தது, 2003ல கூகுள் வாங்குச்சு, இன்னிக்கும் ஓசிதான். வேர்ட்பிரஸ்ஸும் 2003ல பிளாக் எழுதத்தான் வந்துச்சு, 2005ல தனிப் பக்கம் போடுற வசதி வந்த பெறகுதான் கடைக்காரங்க கம்பெனிக்காரங்கல்லாம் அத வெப்சைட்டா யூஸ் பண்ண ஆரம்பிச்சாங்க. உனக்கு கொட்டேஷன் குடுத்தவங்க எத வச்சு செய்யறாங்கன்னு கேளு, வேர்ட்பிரஸ்னு சொன்னா அந்த சாஃப்ட்வேருக்கு அவங்க ஒரு ரூபா கூட குடுக்கல, நீ குடுக்கறது கைவேலைக்கு. கைவேலைக்கு காசு வாங்குறது தப்பில்ல, ஆனா கொட்டேஷன்ல "சிஎம்எஸ் சார்ஜ்"னு தனி வரி இருந்தா அத அடிக்கச் சொல்லு.

சரி, பிளாக்கர்லயே எப்படி பண்றது. தங்கச்சி சமையல அப்படியே விட்டுடு, அதே அக்கவுண்ட்ல கடைக்குன்னு புதுசா ஒண்ணு ஆரம்பி. பிளாக்குங்கறது டைரி மாதிரி, புதுசா எழுதுனது மேல வரும் பழசு கீழ போயிடும், கடைக்கு அது சரிப்படாது. அதனால மாறாத விஷயத்தையெல்லாம், அதாவது எங்களப் பத்தி, வெலப்பட்டியல், கடைக்கு வழி, இதெல்லாம் போஸ்ட்ல போடாம "பேஜஸ்"ல போடு. அப்புறம் செட்டிங்ஸ்ல ரீடைரக்ட்னு ஒண்ணு இருக்கு, சைட்டத் தொறந்ததும் நேரா முதல் பக்கத்துக்குப் போற மாதிரி அதுல குடுத்துடலாம். கமெண்ட்ட மறைச்சுடு, லேஅவுட்ல போய் தேதி, எழுதுனவர் பேரு ரெண்டுலயும் டிக் எடுத்துடு, பாதி பிளாக் வாசனை அதுலயே போயிடும். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு போஸ்ட், முழுப்பருப்பு, பாதி, உடைசல்னு லேபிள் போட்டு அந்த லேபிள் லிங்க்க மெனுல வச்சா அதுதான் உன் கேட்டகரி. ஒரு விஷயம், லேபிள் பக்கத்தையெல்லாம் கூகுள் தேடல்ல வராத மாதிரி பிளாக்கரே தடுத்துதான் வச்சிருக்கு. அதனால "பண்ருட்டி முந்திரி"ன்னு தேடுறவங்க கண்ணுல படணும்னா முக்கியமான சரக்குக்கு தனிப் பேஜ் ஒண்ணு எழுதிடு.

இன்னொண்ணு, இது தமிழ்ல எழுதுற நமக்கு மட்டும் வர்ற தலவலி. தலைப்ப தமிழ்ல வச்சு பப்ளிஷ் குடுத்தா அந்தப் பக்கத்தோட வெப் அட்ரஸ்ல முந்திரியும் இருக்காது ஒண்ணும் இருக்காது, பிளாக் போஸ்ட் 12ன்னு மொட்டையா வந்து நிக்கும். போஸ்ட்டுன்னா பெர்மாலிங்க்ல (அந்த அட்ரஸ மாத்துற எடம்) போய் இங்கிலீஷ்ல கைப்பட அடிச்சுக்கலாம், பேஜுக்கு அந்த வசதி கிடையாது, அதனால மொதல்ல இங்கிலீஷ் தலைப்போட பப்ளிஷ் பண்ணிட்டு உடனே தலைப்ப மட்டும் தமிழுக்கு மாத்திடு, அட்ரஸ் மாறாது. நான் இது தெரியாம 40 பக்கம் ஏத்திட்டு திரும்ப ஏத்துனேன்.

ஆர்டருக்கு வாட்ஸ்அப் லிங்க் ஒரு பட்டனா வச்சா போதும், கூட எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் (சாப்பாட்டுச் சரக்கு விக்கிறதுக்கான பதிவு நம்பர்), கடை அட்ரஸ், போன் நம்பர். தங்கச்சி அட்மினா இருக்கட்டும், கடைப்பையனுக்கு ஆத்தர் மட்டும் குடு, அவன் எழுதுனத மட்டும்தான் அவன் தொட முடியும். மாசம் ஒருக்கா பேக்கப் எடுத்து அப்பா கம்ப்யூட்டர்ல போட்டு வை, ஏன்னா ஓசி எடம், அக்கவுண்ட்டுக்கு ஏதாச்சும் ஆனா போன் பண்ணிக் கேக்க ஆள் கிடையாது.

காசு செலவு பண்ண வேண்டிய எடம் டொமைன், அதாவது சைட்டோட பேரு. கடை பேர்ல ஒரு டாட் இன் வாங்கி பிளாக்கர்ல கோத்துடு, பூட்டுப் படம் வர்ற எச்டிடிபிஎஸ்ஸ அவங்களே ஓசியா குடுக்கறாங்க. முதல் வருஷ வெலயப் பாத்து ஏமாறாத, ரினியூவல் வெல என்னன்னு பாத்து வாங்கு. உன் பேரு, உன் மெயில் ஐடி, உன் கார்டு. இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா எங்க மச்சான் முத்தியால்பேட்டைல கடை வச்சிருக்காரு, வெப்சைட் பண்ண ஆளு டொமைன தன் பேர்லயே எடுத்துட்டாரு, ரெண்டு வருஷம் கழிச்சு போனே எடுக்கல, டொமைன் காலாவதி ஆயி போயே போச்சு, விசிட்டிங் கார்டு போர்டு பை எல்லாத்துலயும் அச்சடிச்ச அட்ரஸ் அது. பைய மட்டும் இன்னும் யூஸ் பண்றாரு.

கார்ட்டு (சரக்க பொறுக்கிப் போடுற கூடை), ஆன்லைன் பேமெண்ட்டு, ஸ்டாக் கணக்கு, கூரியர் டிராக்கிங் எல்லாம் வேணும்னா பிளாக்கரோட மல்லுக்கட்டாத, வேர்ட்பிரஸ்ஸுக்குப் போ, அதுல கடை போடுறதுக்குன்னு இருக்குற வூகாமர்ஸ் ஓசிதான். ஆனா ஹோஸ்டிங் (சைட்ட வச்சிருக்குற எடத்துக்கு வாடகை) காசு உண்டு, அப்டேட் பண்ணாம விட்டா எவனாச்சும் உள்ள பூந்துடுவான், அந்த வேலைக்கு மெயின்டனன்ஸ் குடுக்கறதுல அர்த்தம் இருக்கு. ஒரு நாளைக்கு பத்து ஆர்டர் வாட்ஸ்அப்ல வந்து சமாளிக்க முடியல அண்ணேன்னு நீ சொல்லு, அப்ப அந்த 45,000த்த பத்தி பேசலாம்.

கேள்வி: வில்லியனூர்ல சுடுமண் பொம்மை செஞ்சு விக்கிறேன் சார். வெப்சைட்டுக்கு 10,000 அட்வான்ஸ் வாங்கிட்டு 5 மாசமா இன்னிக்கு நாளைக்குன்னு இழுக்கறாங்க. வியாபாரத்துக்கு வாங்குனா கன்ஸ்யூமர் கேஸ் போட முடியாதுன்னு சொல்றாங்களே?

பதில்: பாதிதான் உண்மை. 2019 கன்ஸ்யூமர் சட்டத்துல வியாபாரத்துக்குன்னு எடுத்த சர்வீஸ் வராதுதான், ஆனா சொந்தமா தொழில் பண்ணி அதுலயே பொழைக்கறவங்களுக்கு விலக்கு இருக்கு, அது வாங்குன பொருளுக்குன்னுதான் எழுதியிருக்கு, சர்வீஸுக்கும் பொருந்துமான்னு கமிஷன்தான் சொல்லணும், ஆனாலும் நீங்களே மண்ணு மிதிச்சு பொம்மை செய்யறீங்க, அதச் சொல்லிப் பாக்கலாம். மொதல்ல 15 நாள் டைம் குடுத்து பணத்தத் திருப்பிக் கேட்டு மெயில்லயோ பதிவுத் தபால்லயோ எழுதுங்க, வாட்ஸ்அப் பேச்ச அழிச்சிடாதீங்க. அதுக்கும் அசையலன்னா கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார பதிவு பண்ணுங்க, அதுலயும் நடக்கலன்னா கன்ஸ்யூமர் கமிஷன். நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளங்கறதால ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, பிரச்சன ஆரம்பிச்சதுலேந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். அட்வான்ஸ் குடுத்ததுக்கு ரசீது இருக்கா, இல்ல ஜிபே ஸ்கிரீன்ஷாட்தானா? ஸ்கிரீன்ஷாட்தான்னா பேங்க்ல ஸ்டேட்மென்ட் வாங்கி கூட வச்சிடுங்க.