வீதியில் விட்ட மேசை

அன்புள்ள ஐயா,

நான் பாஸ்டன் நகரின் ஆல்ஸ்டன் பகுதியில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் 31 அன்று முடிந்து செப்டம்பர் 1 அன்று தொடங்குவதால், அந்த நாட்களில் மாணவர்கள் காலி செய்யும் வீடுகளின் வாசலில் மேசை, நாற்காலி, விளக்கு, புத்தக அலமாரி எல்லாம் குவிந்துவிடும். 'ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ்' என்றே ஊரார் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக நான் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, விடியற்காலையிலேயே சுற்றி, நல்லவற்றைப் பொறுக்கிவந்து, பழுதுபார்த்து, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் விற்கிறேன்.

சென்ற அக்டோபரில் ஓர் எழுதுமேசையை 140 டாலர் என்று போட்டிருந்தேன். அதை வீதியில் வைத்த பெண்மணியே பார்த்துவிட்டு, "இல்லாதவர் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் 'இலவசம்' என்று எழுதி வைத்தேன், நீங்கள் காசாக்குவதற்கு அல்ல" என்று செய்தி அனுப்பினார். அப்போது எங்களோடு தங்கியிருந்த என் அப்பா, கும்பகோணத்தில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சட்டப்படி இது குற்றமில்லை என்று 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. இருந்தாலும் மனம் உறுத்துகிறது. நான் செய்வது தவறா? மேசையின் படங்களை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

தவறில்லை என்பதே என் எண்ணம். ஆனால் நீங்கள் துணைக்கு அழைக்கும் தீர்ப்பு உங்களுக்குத் துணை வராது. 1988ஆம் ஆண்டின் கலிபோர்னியா எதிர் கிரீன்வுட் வழக்கு, ஒருவர் வாசலில் வைத்த குப்பைப் பையைக் காவல்துறையினர் சோதனை ஆணை இல்லாமல் கிளறலாமா என்பதைப் பற்றியது. வீதியோரம் வைத்த பை விலங்குகளுக்கும் குழந்தைகளுக்கும் குப்பை பொறுக்குபவர்களுக்கும் எட்டக்கூடியது, ஆகவே அதில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பொறுக்குபவர் என்று ஒருவர் உலகில் உண்டு என்பதை அது குறிப்பிட்டதே தவிர, அவருக்கு எந்த உரிமையையும் எழுதிக்கொடுக்கவில்லை. உங்களுக்கு உதவக்கூடியது அதைவிடப் பழைய ஒரு கொள்கை: உடையவர் திரும்பப் பெறும் எண்ணமின்றிக் கைவிட்ட பொருள், அதை முதலில் கைக்கொள்பவருக்கு உரியது. அந்தக் கொள்கையையும் உள்ளூர் விதிகள் குறுக்கலாம். நியூயார்க்கில், மறுசுழற்சிக்காக வீதியோரம் வைக்கப்பட்டவற்றை வண்டியில் வந்து அள்ளிச்செல்வது தண்டனைக்குரியது. உங்கள் ஊரின் விதியை, நண்பர்கள் சொல்லக் கேட்டதோடு நிறுத்தாமல், நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

(நம் பழைய மரபில் உடையவர் இல்லாத பொருள் அரசனுக்குப் போய்ச்சேரும். 'உறுபொருள்' என்று வள்ளுவர் அதைச் சுங்கத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்கிறார். அமெரிக்க வரித்துறையும் தன் பங்கை விட்டுவிடுவதில்லை. 15 டாலருக்கு ஏலத்தில் எடுத்த பழைய பியானோவுக்குள் ஏழு ஆண்டுகள் கழித்து 4,467 டாலர் கண்டெடுத்த ஒரு தம்பதியர், அதற்கு வருமான வரி கட்டியே ஆகவேண்டும் என்று 1969இல் ஒஹாயோவில் தீர்ப்பானது. மேசை விற்ற காசுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்பாவின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் வீட்டிலிருந்து எதுவும் சும்மா வெளியே போவதில்லை. பழைய பேப்பரும் பால் கவரும் ஓட்டை வாளியும் எடைக்குப் போகின்றன. கட்டிலும் பீரோவும் உறவினர் வீட்டுக்கோ வேலைக்கு வரும் அம்மாவின் வீட்டுக்கோ போகின்றன. அவற்றையெல்லாம் தாண்டித் தெருவுக்கு வருவது எதற்கும் உதவாதது, அதை எடுப்பவர் வேறு கதியற்றவர் என்பதுதான் அவர் கண்ட உலகம். அரிசியில் கல்லையும் மரத்தடியில் பூவையும் பொறுக்குவதில் எந்த இழிவையும் காணாத நம் மொழி, பொறுக்குகிறவனுக்கான பெயரை மட்டும் வசையாக வைத்திருக்கிறது. ஆல்ஸ்டனில் ஒரு மேசை வீதிக்கு வருவதற்கு அது உதவாமல் போனது காரணமில்லை. இரவுக்குள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், லாரி வாடகை மேசையின் விலையைவிட அதிகம், போகும் இடத்தில் ஏற்கெனவே ஒரு மேசை இருக்கிறது. அப்படிக் கைவிடப்பட்டு யாரும் எடுக்காதது குப்பை வண்டிக்குத்தான் போகும். 2018இல் அந்த நாட்டில் 1 கோடியே 21 லட்சம் டன் அறைகலன்கள் குப்பைக்கு வந்தன, அவற்றில் 80 சதவீதம் மண்ணில் புதைக்கப்பட்டது என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. 1960இல் வந்ததே சுமார் 22 லட்சம் டன்தான். இந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். சமாதானம் அடைவார் என்று நான் உறுதி சொல்லமாட்டேன்.

இனி அந்தப் பெண்மணி. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் வலது பின்கால் ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது, மேல்பலகையில் கோப்பை வைத்த வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கின்றன, நடு இழுப்பறைக்கு அடிப்பலகையே இல்லை. ஆனால் அந்த இழுப்பறையின் மூலையில், இரு கை விரல்களைக் கோத்ததுபோல் மரத்துக்குள் மரம் செருகிய மூட்டு தெரிகிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் அப்படி மூட்ட முடியாது. அதைக் கண்டுதான் நீங்கள் வேனை நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது படத்தில் கால் நேராக நிற்கிறது, புது அடிப்பலகை வந்துவிட்டது, வளையங்கள் தேய்த்து எடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த 140 டாலரில் உங்கள் கண்ணுக்கும் முதுகுக்கும் மாலைநேரங்களுக்கும் வேன் வாடகைக்கும் கொடுத்தது போக, மேசைக்கென்று மிஞ்சுவது சொற்பம். இல்லாதவர் கைக்குத்தான் போய்ச்சேர வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தால், பழைய சாமான்களைப் பெற்றுக்கொள்ளும் அறநிறுவனங்கள் அதே ஊரில் உண்டு. நேரம் இல்லாததால் வீதியில் வைத்தார், அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் யார் எடுப்பார் என்று பார்க்க நிற்காமல் விட்டுச்சென்ற பிறகு, எடுத்தவர் அதை என்ன செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட முடியாது. இதை அவரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். பழுதுபார்ப்பதற்கு முன் எடுத்த படத்தை மட்டும் அனுப்பிவையுங்கள்.

உங்கள் மனம் உறுத்துகிறதே, அது வீண் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவரைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், வாங்குகிறவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மகளோடு பாஸ்டனை அடுத்த சோமர்வில்லில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தபோது, படிப்பதற்கென்று பஞ்சு வைத்த நாற்காலி ஒன்றை 30 டாலருக்கு வாங்கினேன். வீட்டில் புழங்கியது என்று விற்றவர் சொன்னார். மூன்றாவது வாரத்தில் பேத்தியின் கையில் வரிசையாகத் தடிப்புகள். நாற்காலியைக் கவிழ்த்து அடித்துணியின் தையலைப் பிரித்தபோது, மிளகுத்தூளைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். டார்ச் வெளிச்சம் பட்டதும் சில புள்ளிகள் நகர்ந்தன. மூட்டைப்பூச்சி பல மாதங்கள் இரையின்றி உயிரோடிருக்கும் என்பதையும், வீட்டையே 50 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கித்தான் அதை ஒழிக்க முடிந்தது என்பதையும், அதற்கு ஆன செலவு என் விமானச் சீட்டைவிட அதிகம் என்பதையும் அப்போது தெரிந்துகொண்டேன். விற்றவரிடம் கேட்டபோது, வீதியில் எடுத்ததாக ஒப்புக்கொண்டார். வீதியில் எடுத்தது என்று முதலிலேயே சொல்லியிருந்தால், வாங்கும்போதே கவிழ்த்துப் பார்த்திருப்பேன்.

பொறுக்கியதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்பவர் தன் ஆபத்தைத் தானே ஏற்கிறார். விற்பவர், அந்தப் பொருள் எங்கே கிடந்தது என்பதைக் கண்ணால் காணாத ஒருவரிடம் அதைக் கைமாற்றிவிடுகிறார். ஆகவே பஞ்சு வைத்த எதையும் தொடாதீர்கள். மெத்தையைக் குப்பையில் போடுவதே 2022 நவம்பர் முதல் உங்கள் மாநிலமான மாசசூசெட்ஸில் தடைசெய்யப்பட்டிருக்கிறது, அதை விற்பனைச் சரக்காக நினைக்கவே வேண்டாம். பக்கவாட்டுக் கம்பித் தடுப்பு கீழே இறங்கும் குழந்தைத் தொட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். குழந்தைகள் சிக்கி இறந்ததால் 2011 ஜூன் முதல் அதைப் பழையதாகக்கூட விற்கக் கூடாது. 1978க்கு முன் பூசிய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அந்தத் தூள் முதலில் உங்கள் மூச்சுக்குள்தான் போகும். இவை எல்லாவற்றையும்விட எளியது, விளம்பரத்தில் ஒரு வரி சேர்ப்பது: ஆல்ஸ்டனில் வீதியோரம் எடுத்தது, இன்னின்ன பழுதை நீக்கியிருக்கிறேன் என்று. விலை கொஞ்சம் குறையலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. விடியற்காலையிலேயே வேனோடு சுற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதே நாளில் இரண்டு பெட்டிகளோடு வந்திறங்கி, அன்றிரவு வெறும் தரையில் படுக்கப்போகும் மாணவர்களும் அந்த வீதிகளில் நடந்து வருகிறார்கள். தூக்கிப்போக அவர்களுக்கு இரண்டு கைகள்தான் உண்டு. நானாக இருந்தால் செப்டம்பர் 1ஆம் தேதி மாலைவரை வண்டியை எடுக்கமாட்டேன். அதற்குப் பிறகும் மிஞ்சிக் கிடப்பவற்றுக்கு உங்களோடு போட்டியிடுவது குப்பை வண்டி மட்டும்தான்.

அன்புடன்.