எந்தக் கடையில் எந்தச் சுண்ணாம்பு? – கேள்வி பதில்

கோத்தகிரியில் 22 வருடம் உரக்கடை வைத்திருந்தேன். இப்போது கோவையில் மகன் வீட்டு மாடியில் பத்துப் பதினைந்து தொட்டிகளோடு சரி. தோட்டத்துச் சுண்ணாம்பு பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அம்பத்தூர்: சார், வீடியோக்களில் 'கார்டன் லைம்' போடச் சொல்கிறார்கள். நர்சரியில் கேட்டால் எலுமிச்சைக் கன்றை எடுத்து நீட்டுகிறார். என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

இப்படிக் கன்றோடு திரும்பியவர்களில் எனக்குத் தெரிந்தே நீங்கள் மூன்றாவது ஆள். அவரைக் குறை சொல்லி என்ன பயன், லைம் என்றால் அவருக்கு எலுமிச்சைதான்.

உங்களுக்கு வேண்டியது சுடாத சுண்ணாம்புக்கல்லின் மாவு, அதாவது கால்சியம் கார்பனேட். வெறுமனே 'சுண்ணாம்பு' என்று கேட்டால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு சரக்கு வரும். பெயிண்ட் கடையில் சுட்ட கல்லோ, அதில் தண்ணீர் விட்டு நீற்றின பொடியோ தருவார்கள். வெற்றிலைக் கடையில் அதையே குழைத்து டப்பாவில் வைத்திருப்பார்கள். உரக்கடையில் 'டோலமைட்' என்று கேளுங்கள். அது கால்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த கல்லின் மாவு, தோட்டத்துக்கு நல்லது. ஆனால் சமவெளிக் கடைகளில் பலர் வைப்பதில்லை, வைத்தாலும் 50 கிலோ மூட்டையாகத்தான் இருக்கும்.

அப்போது கோழித்தீவனக் கடைக்குப் போங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சேர்க்கச் சுண்ணாம்புக்கல் தூள் வைத்திருப்பார்கள். சில்லறையாகவும் கிடைக்கும், விலையும் குறைவு. அங்கேயே டி.சி.பி. என்று இன்னொரு வெள்ளைப் பொடி இருக்கும். அது பாஸ்பேட், மாற்றி வாங்கிவிடாதீர்கள். விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி இருக்க வேண்டும். ரவை போல நெருடினால் அது மண்ணில் வேலை செய்ய வருடக்கணக்கில் ஆகும்.

வாங்குவதற்கு முன் ஒன்று, இதை இன்றைக்கு இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்: மண்ணின் பி.ஹெச் தெரியாமல் போடாதீர்கள். மண் புளிப்பா காரமா என்று சொல்லும் எண் அது; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். சுண்ணாம்பு அந்த எண்ணை ஏற்றும்.

சிங்காநல்லூர்: கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. சுண்ணாம்பு எவ்வளவு போடலாம்?

துளிகூட வேண்டாம். நரம்பு பச்சையாக, இடையில் வெளுத்து, அதுவும் கொழுந்தில் என்றால் பெரும்பாலும் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். அது ஏறாததற்கு முதல் காரணமே மண்ணில் சுண்ணாம்பு அதிகமாக இருப்பது. கோவைப் பக்கம் குழி தோண்டினால் சுக்கான்கல் வரும், பார்த்திருப்பீர்கள். அதுவே சுண்ணாம்புதான்.

காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் வைத்து, மேலே நாலு சொட்டு வினிகர் விடுங்கள். என் மகன் வீட்டு மண்ணில் விட்டபோது சோடா ஊற்றினது போலப் பொங்கியது. காதருகே வைத்தால் சத்தமே கேட்டது. பொங்கினால் அந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை, அவ்வளவுதான். பொங்காவிட்டால் உடனே புளிப்பு மண் என்று முடிவு கட்டக்கூடாது, அதற்குத்தான் மண் பரிசோதனை நிலையம்.

ஊட்டி அருகே: முட்டைக்கோஸ் வெயில் ஏறினால் வாடி, சாயங்காலம் நிமிர்கிறது. பிடுங்கினால் வேர் தடிதடியாக வீங்கியிருக்கிறது. டோலமைட்டா, சுண்ணாம்பா?

வாருங்கள், இது எங்கள் ஊர்க் கேள்வி. நீங்கள் சொல்வது கிளப் ரூட் என்கிற வேர் வீக்க நோய். புளிப்பு மண்ணில்தான் அது ஆட்டம் போடும். பி.ஹெச் 7.2-ஐத் தாண்டினால் அடங்கும். நீலகிரி மண் மழையில் அலசி அலசிக் கால்சியமும் மக்னீசியமும் ஓடிப்போன மண். 5-க்குக் கீழே வந்த சோதனைச் சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வழக்கமான பராமரிப்புக்கு டோலமைட். முதிர்ந்த இலைகளில் மக்னீசியம் குறைவது தெரிந்தால் கட்டாயம் அதுதான். ஆனால் டோலமைட் நிதானமாக வேலை செய்யும் சரக்கு. நோய் வந்த பாத்தியில் அடுத்த நடவுக்குள் பி.ஹெச் ஏற வேண்டுமென்றால் நீற்றின சுண்ணாம்பு. 100 கிலோ கல் மாவு செய்கிற வேலையை 74 கிலோ நீற்றின சுண்ணாம்பு செய்துவிடும், அதனால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு என்பதைச் சோதனைச் சீட்டு சொல்லும். மனக்கணக்குக்கு ஒன்று: எக்டேருக்கு 2 டன் என்று எழுதியிருந்தால், 10 அடிக்கு 10 அடி பாத்திக்குக் கிட்டத்தட்ட 2 கிலோ. நடவுக்குச் சில வாரம் முன்பே தூவிக் கொத்திவிடுங்கள். அதே நாளில் யூரியாவோ சாணமோ போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கில் ஏறும் அந்த வாடை உங்கள் காசு போகும் வாடை. அதே பாத்தியில் உருளைக்கிழங்கும் மாற்றிப் போடுபவரானால் கவனம், பி.ஹெச் ஏறினால் கிழங்கில் சொறி வரும்.

ஈரோடு: பெயிண்ட் கடையில் கல் சுண்ணாம்பு மலிவாகக் கிடைக்கிறதே, அதையே போடலாமா?

சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும், தெறிக்கும். என் கடைப் பையன் ஒருவன் வாளிக்குள் குனிந்து பார்த்தபடி தண்ணீர் ஊற்றினான். ஒரு சொட்டுதான். கண்ணைக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், பத்து நாள் கட்டோடு இருந்தான். தொட்டியில் வேரும் அப்படித்தான் வெந்துபோகும். வேண்டாம்.

மதுரை: ரோஜாத் தொட்டிக்குச் சுண்ணாம்பு போடலாமா?

பி.ஹெச் என்ன?

விருதுநகர்: முட்டை ஓடு போதாதா?

அதுவும் கால்சியம் கார்பனேட்தான். காய்கறிக் கழிவோடு நசுக்கிப் போட்டால் ஐந்து வருடம் கழித்தும் ஓடாகவே கிடக்கும். மிக்ஸியில் மாவாக அரைத்தால் பயன் உண்டு. தக்காளி அடி கறுப்பதற்காகப் போடுகிறீர்கள் என்றால், முதலில் ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளம் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

நாகர்கோவில்: ஐயா, கல்லை விற்றே பழகிவிட்டீர்கள். கல் சுண்ணாம்பு கெமிக்கல். கிளிஞ்சல் சுண்ணாம்புதான் இயற்கை. எங்கள் தாத்தா வயலில் அதைத்தான் போட்டார், பத்தே நாளில் பயிர் தெளிந்துவிடும்.

கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட், கல்லும் கால்சியம் கார்பனேட். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளேயே சிப்பி தெரியும், அந்தக் காலக் கடலின் கிளிஞ்சல்தான் அது. உங்கள் தாத்தா போட்டது கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றிய பொடி. அப்படிப் பார்த்தால் சும்மா அரைத்த கல்தான் இயற்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மறுபடி நாகர்கோவில்: அப்படியானால் தாத்தா பார்த்த பலன் பொய்யா?

பொய் என்று நான் சொல்லவே இல்லை. நீற்றின பொடி மாவிலும் மாவாக இருக்கும், காரமும் அதிகம், அதனால் சட்டென்று வேலை செய்யும். அவர் வயல் புளிப்பு மண்ணாக இருந்திருக்கும். பலன் மண்ணாலும் பொடியின் மென்மையாலும் வந்தது, கிளிஞ்சலால் வந்ததல்ல.

ஆலப்புழை: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். குட்டநாட்டில் இன்றும் வேம்பநாட்டுக் காயல் கக்காவை, அதாவது கிளிஞ்சலை, நீற்றித்தான் நெல் வயலில் போடுகிறார்கள். கல் எதற்கு?

சரியான உதாரணம். குட்டநாடு கந்தகப் புளிப்பு மண், கக்காவும் காலடியில் கிடைக்கிறது. பக்கத்தில் கிடைப்பதைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கிளிஞ்சலில் மக்னீசியம் பெயருக்குத்தான் இருக்கும். எங்கள் மலையில் அதையே போட்டுக்கொண்டிருந்தால் கால்சியம் ஏறும், மக்னீசியம் கேட்டு இலை வெளுக்கும். வித்தியாசம் என்றால் அதுதான் வித்தியாசம். நாகர்கோவில்காரரே, தாத்தாவுக்கு என் வணக்கம், இந்தப் பேச்சை இதோடு விடுவோம்.

திருநெல்வேலி: அண்ணாச்சி, செம்பருத்திக்கு…

பி.ஹெச்.

ராமநாதபுரம்: எங்கள் நிலம் களர். சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா?

ஆகாது, இன்னும் கெடும். களருக்கு ஜிப்சம். அது பி.ஹெச்சை ஏற்றாது, சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளியதைக் கழுவி விட நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். உரக்கடையில் இரண்டுமே வெள்ளை மூட்டைதான், எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

சீர்காழி: இங்கே உரக்கடையில் இல்லை.

இறால் பண்ணைக்குச் சரக்கு விற்கும் கடையில் கேளுங்கள். குளத்துக்குப் போட டோலமைட் வைத்திருப்பார்கள்.

தாம்பரம்: சார், மாடித் தோட்டத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு…

மேலே படியுங்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியானால் தினமும் சுண்ணாம்பு போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அம்பத்தூர்: சார், நான் முதலில் கேட்டவன். கோழித்தீவனக் கடையில் கிடைத்துவிட்டது, ஐந்து கிலோ. முகப்பவுடர் மாதிரியே இருக்கிறது. இன்றைக்கே போட்டுவிடவா?

மண்ணில் வினிகர் விட்டுப் பார்த்தீர்களா?

அம்பத்தூர்: இன்னும் இல்லை சார்.

பார்த்துவிட்டு வாருங்கள். நான் அதற்குள் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.